மாலை கழற்றிய மறுநாள்

புலனடக்கம் என்றதும் காவியுடையும் கமண்டலமும் மனக்கண்முன் தோன்றுவது நமக்குப் பழகிப்போயிற்று. திருவள்ளுவரோ அடக்கமுடைமையைத் துறவறவியலில் வைக்காமல், மனைவி மக்களோடும் அண்டை அயலாரோடும் கலந்து வாழ்கிறவனுக்குரிய இல்லறவியலில், விருந்தோம்பலுக்கும் இனியவை கூறலுக்கும் சற்றுப் பின்னால், 13ஆம் அதிகாரமாக வைத்தார். அந்த வைப்புமுறையை எண்ணுந்தோறும், ஏகாந்தவாசியைக் காட்டிலும் குடும்பஸ்தனுக்கே அடக்கம் அதிகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றும். குகையில் இருப்பவன் நிலை தவறினால் அவன் தவம் கெடும். வாரக்கூலியை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புகிறவன் வழியில் நிலை தவறினால், அவனை நம்பி உலையேற்றிக் காத்திருக்கும் குழந்தைகள் பட்டினி கிடக்கும்.

பௌத்தர்களின் பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மது மனிதனுடைய விழிப்பைக் கெடுக்கிறது என்பதற்காகவே அதை விலக்கச் சொல்கிறது. மற்ற நான்கு சீலங்களும் அந்த விழிப்பைச் சார்ந்தே நிற்பவை. ஆனால் விழிப்பை ஒருவன் தன்னந்தனியே காத்துக்கொள்ள முடியுமா?

கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலையிட்டுக்கொண்டவர்களை நான் கவனித்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் குடித்துத் திரிந்தவன் என்று தெருவே கைவிட்ட ஒருவன், துளசிமாலை கழுத்தில் ஏறிய கணம் முதல், விடியற்காலையில் குளிர்ந்த நீரில் ஸ்நானம் செய்து, ஒருவேளை உண்டு, வெறுந்தரையில் படுத்து, ஒரு மண்டலம் முழுவதும் ஒரு துளி மதுவும் தீண்டாமல் இருந்துவிடுகிறான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் பழைய கடைக்கே திரும்புகிறானென்றால், அவனுடைய விரதம் வேஷம் என்று சிலர் பரிகசிக்கிறார்கள். அந்தப் பரிகாசம் எனக்குச் சம்மதமில்லை. அவனிடம் அடங்கி நிற்கும் சக்தி இருக்கிறது என்பதற்கு அந்த 41 நாட்களைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? அந்நாட்களில் பெற்ற தாயும் அவனைச் ‘சாமி’ என்றே அழைத்தாள். பழைய கூட்டாளிகள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். விளக்கு வைக்கும் நேரமானால் சரண கோஷத்துக்கு ஆட்கள் வந்து அழைத்துப் போனார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள், அழைப்பவரும் இல்லை, மரியாதையும் இல்லை. பொழுது சாய்கிற அந்தப் பொல்லாத வேளை மட்டும் தவறாமல் வருகிறது.

இதை உணர்ந்தவர் ராஜாஜி என்று நினைக்கிறேன். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, குடியினால் நொந்த குடும்பங்களின் நடுவே வாழ்ந்து, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையையும் நடத்திய அவர், 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கடைகளை மூடியதோடு காரியம் நின்றுவிடவில்லை. பஜனை, விளையாட்டு முதலியவற்றுக்கும் ஊக்கமளிக்கப்பட்டது. கலால் வருமானம் போயிற்றே என்று அங்கலாய்த்தவர்களுக்கு 1939இல் வந்த விற்பனை வரி பதிலாயிற்று. சட்டத்தின் கதை அதன்பின் பலவாறாகத் திரும்பியது. அதற்குள் நான் புகவில்லை.

என் கவலையெல்லாம் மாலை கழற்றியவனைப் பற்றியது. ‘விரதந்தான் முடிந்துவிட்டதே, வா’ என்று அவன் தோளில் கைபோட ஒருவன் முதல் நாளே வந்துவிடுகிறான். அவனுக்கு முன்னதாக நம்மில் ஒருவர் போய், திண்ணையில் உட்கார்ந்து, மண்டல நாட்களில் பேசிய அதே மரியாதையோடு அவனிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மறுநாளும் போக வேண்டும்.