கத்தரிக்கு அடங்கிய பச்சை

செடியை வெட்டி யானை, மயில் என்று நிறுத்தி வைப்பதில் எனக்கு என்றைக்குமே ரசனை கிடையாது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1713-லேயே இந்தப் பழக்கத்தைக் கிண்டலடித்துத் தீர்த்திருக்கிறார். செடிச் சிலை விற்பவரின் சரக்குப் பட்டியல் மாதிரி ஒன்றை எழுதினார். அதில் யூ மரத்தில் வெட்டிய ஆதாமும் ஏவாளும் உண்டு. புயலில் ஞான மரம் சாய்ந்து ஆதாமுக்குக் கொஞ்சம் சேதாரம். ஏவாளும் பாம்பும் அமோகம். பாக்ஸ்வுட் என்ற புதர்ச்செடியில் ஒரு புனித ஜார்ஜ். கை இன்னும் போதவில்லை, அடுத்த ஏப்ரலுக்குள் டிராகனைக் குத்தும் அளவுக்கு வளர்ந்துவிடும் என்று உத்தரவாதம் வேறு. நானும் போப்பின் கட்சிதான். அதனால் மார்கெசாக் தோட்டத்துக்குப் போகலாம் என்று உடன் வந்தவர்கள் சொன்னபோது அரை மனசோடுதான் கிளம்பினேன்.

தென்மேற்குப் பிரான்சில், தோர்தோன் ஆற்றைப் பார்த்தபடி ஒரு சுண்ணாம்புப் பாறை முகட்டின்மேல் இருக்கிறது அது. 22 ஹெக்டேர், ஏக்கரில் சொன்னால் 54. பாக்ஸ்வுட் மட்டும் ஒன்றரை லட்சம் செடி. யானையும் இல்லை, மயிலும் இல்லை. மாளிகையை ஒட்டிய சரிவு முழுக்க உருண்டைகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த திரட்சிகள், ஆட்டு மந்தை நெருக்கியடித்துப் படுத்த மாதிரி. பாதை வளைகிற இடத்தில் செடியும் கூடவே வளைகிறது. நிமிர்ந்தால் அக்கரைக் குன்றுகளும் அதே வளைவில் போகின்றன. வேறொரு மூலையில் செடிகளைச் சதுரக் கட்டிகளாக வெட்டி, கன்னாபின்னாவென்று சாய்த்து விட்டிருக்கிறார்கள். அங்கே நின்று தனியாகச் சிரித்தேன். கத்தரி பிடித்தவருக்குக் குறும்பும் தெரிந்திருக்கிறது.

ஒரு உருண்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இலை. மேலே எண்ணெய் தடவிய கரும்பச்சை, அடியில் வெளிர் மஞ்சள். வெட்டுப்பட்ட ஓரங்களில் மெல்லிய பழுப்புக் கோடு. விரலை உள்ளே விட்டால் நாலு விரற்கடைக்குள் இலை தீர்ந்துவிடுகிறது. அப்புறம் வெறும் குச்சிகள், இருட்டு, போன வருஷத்துச் சருகு. வெளியிலிருந்து பார்க்கும் அந்தக் கனம் முழுக்க மேல்தோல்தான். வெயில் ஏறினால் பூனை மூத்திர வாடையும் வரும். அதையும் சுகந்தம் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை.

இந்தப் பக்கத்துக் குன்றுகளில் பாக்ஸ்வுட் காட்டுச் செடி; யாரும் நடாமலே வளரும். 1861-ல் இந்தச் சொத்து ஜூலியன் த செர்வால் என்பவர் கைக்கு வந்தது. இத்தாலிப் பித்து கொண்ட மனிதர். 1893-ல் சாகும்வரை, முப்பது வருஷத்துக்கு மேலாக, பல்லாயிரக்கணக்கில் செடி நட்டுக்கொண்டே இருந்தார். மெதுவாக வளரும் செடியாகப் பார்த்து மனசைக் கொடுத்தவருக்குப் பொறுமை இருந்திருக்க வேண்டும், அல்லது பிடிவாதம். கவாத்து செய்யச் செய்ய நெருங்கித் தழைக்கும் இனம் இது. முற்றிய கட்டையிலிருந்துகூடத் துளிர்க்கும். ரோமானியர்களும் இந்தக் குணத்தைக் கண்டுதான் இதை வெட்டினார்கள். அவர்களில் ஒருவரான எழுத்தாளர் இளைய பிளினி தன் கிராமத்து மாளிகையைப் பற்றி எழுதும்போது, எஜமானர் பெயரையும் தோட்டக்காரர் பெயரையும் எழுத்தெழுத்தாக பாக்ஸ்வுட்டில் வெட்டியிருந்ததைச் சொல்கிறார். தோட்டக்காரர் பெயரும் என்பதை நான் விசேஷமாகக் குறித்துக்கொள்கிறேன். அவர் இல்லாவிட்டால் எஜமானர் பெயர் ஒரு கோடைக்குமேல் வாசிக்கும்படி நிற்காது.

மார்கெசாக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டு, அத்தனையும் கைக்கத்தரியால். உருண்டைக்கு நூல் பிடிக்க முடியாது, கண்தான் அளவு. நாலு வெட்டு வெட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி குனிய வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது வெட்டினால் புதிதாக வெளிப்பட்ட இலை கருகும். ஆகவே மூட்டம் போட்ட நாள்தான் இவர்களுக்கு நல்ல நாள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வேலை நின்றுபோனது. செடிகள் உருவத்தை விட்டு, வெளிச்சத்தைத் தேடி மேலே போய்விட்டன. 1996-ல் மீட்கத் தொடங்கி, அடுத்த வருஷம் மக்களுக்குத் திறந்தார்கள்.

இப்போது வேறொரு கத்தரி வந்திருக்கிறது. கிழக்காசியாவிலிருந்து, நாற்றுச் சரக்கோடு வந்ததாகக் கருதப்படும் ஓர் அந்துப்பூச்சி. 2007-ல் ஜெர்மனியில் கண்டார்கள். அடுத்த வருஷமே பிரான்ஸ். கறுப்புத் தலையும் பச்சை உடம்புமான அதன் புழு இலையைத் தின்று, பிறகு பட்டையையும் சுரண்டும். மிஞ்சுவது நூலாம்படை போர்த்திய குச்சி. தோட்டக்காரர்கள் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறார்கள், புழுவைக் கொல்லும் பாக்டீரியாக் கரைசல் தெளிக்கிறார்கள். ஒரு கோடைக்குள்ளேயே பல தலைமுறை வருவதால், ஒரு தெளிப்போடு முடிவதில்லை.

பாரிசுக்கு அருகே வோ-லெ-விகோம்த் அரண்மனையில் சீக்கு கண்ட பாக்ஸ்வுட் கோலங்களைப் பிடுங்கிவிட்டு, 2019-ல் அலுமினியப் பட்டைகளைப் பதித்துப் பார்த்தார்கள். படத்தில் பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. செலவும் மிச்சமாக இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க நான் டிக்கெட் எடுக்க மாட்டேன்.