காற்றுக்குக் கொடுக்கும் விலை

பெட்ரோல் எஞ்சினின் சக்தியைத் தீர்மானிப்பது பெட்ரோல் என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், அந்தச் சக்திக்கு எல்லை வகுப்பது காற்றுதான். பெட்ரோலை வேண்டிய மட்டும் பம்ப் வைத்துப் பீய்ச்சிவிடலாம். ஆனால் ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவைப்படுகிறது, சாதாரண எஞ்சினுக்கோ பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே புகுகிற அளவு மட்டுமே கிடைக்கிறது. உலையில் எவ்வளவு கரி கிடந்தாலும் துருத்தி ஊதாமல் இரும்பு பழுக்காது என்பது கொல்லுப் பட்டறையின் பாலபாடம். எஞ்சினுக்கும் அதே பாடம் பொருந்தும். ஆகவே சாலையில் ஓட்டும் காருக்குக் கூடுதல் சக்தி வேண்டுவோர் எஞ்சினைப் பெரிதாக்கலாம், அல்லது அதை இன்னும் வேகமாகச் சுழல வைக்கலாம், அல்லது காற்றை அழுத்தி ஊட்டலாம். மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்கள் முன்னால் டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர் என்று இரண்டு துருத்திகள் வந்து நிற்கின்றன.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெரும்பாலும் ஒரு பெல்ட் வழியாகச் சுழற்றப்படும் காற்றழுத்தி. டர்போசார்ஜர் என்பது சைலன்சர் வழியே வீணாகப் போகவிருக்கும் சூடான புகையை ஒரு சிறு விசையாழியின்மீது பாயவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் பொருத்திய சக்கரத்தால் காற்றை அழுத்துவது. வேலை ஒன்றே; அந்த வேலைக்கான கூலியை எங்கிருந்து, எப்போது வாங்கிக்கொள்கின்றன என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சூப்பர்சார்ஜர் கூலியைக் கையோடு கிராங்க் ஷாஃப்டிலேயே பிடித்துக்கொள்கிறது. டர்போ ஓட்டுநரின் பொறுமையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

வயதில் மூத்தது சூப்பர்சார்ஜர். அதன் பூர்வீகம் கார் அல்ல, உலைக்களம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றுப் பம்ப், ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும் இரு உருளைகளால் காற்றை வாரி மறுபக்கம் தள்ளுவது; இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதவே அது பயன்பட்டது. மெர்சிடிஸ் நிறுவனம் 1921ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் வைத்த கார்களில் இந்த அமைப்பு எஞ்சினோடு இணைந்தது. அதே பத்தாண்டில் வந்த அதன் பெரிய விளையாட்டுக் கார்களில் சூப்பர்சார்ஜர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும் ஒரு கிளட்ச் பிடித்து அதைச் சுழற்றும், அதுவும் சில நொடிகளுக்குத்தான் அனுமதி. எந்நேரமும் ஊதும் துருத்தியைத் தாங்கும் வலு அன்றைய எஞ்சின்களுக்கு இல்லை என்பதை அதை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டதாக அந்த ஏற்பாட்டைக் கொள்ளலாம்.

இந்தத் துருத்தியின்மேல் நம்பிக்கையே இல்லாதவர்களும் இருந்தார்கள். பென்ட்லி கார்களின் மூலவரான டபிள்யூ. ஓ. பென்ட்லி, சக்தி வேண்டுமானால் எஞ்சினின் கொள்ளளவைப் பெருக்க வேண்டுமே தவிர ஊதி ஏற்றக் கூடாது என்று விடாப்பிடியாக இருந்தார். பந்தய வீரர் டிம் பர்கின் அவரையும் மீறி நாலரை லிட்டர் பென்ட்லியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால், சூப்பர்சார்ஜரைப் பொருத்திக் களமிறக்கினார். 1930ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்த ‘புளோயர்’ கார்கள் பாதியிலேயே நின்றுபோக, ஊதல் ஏதுமில்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி வென்றது. பந்தயத்தில் பென்ட்லியின் வாதம் வென்றது. ஏலக்கூடங்களிலும் நினைவிலும் பர்கினின் கார்களே வென்றன. சக்தி தேடும் மனிதர்கள் கணக்குப் பார்த்து மட்டுமே முடிவெடுப்பதில்லை என்பதை இந்த ஆராய்ச்சியில் மறந்துவிட முடியாது.

டர்போவின் கதை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் பெற்ற காப்புரிமையில் தொடங்குகிறது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது என்பதால் அதிலிருந்து கொஞ்சம் மீட்டெடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். இதனாலேயே டர்போவின் சக்தி இலவசம் என்று பலரும் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. புகையின் வழியில் விசையாழி குறுக்கே நிற்பதால், அதைத் தள்ளி வெளியேற்றப் பிஸ்டன் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் பெல்ட் பிடித்துக்கொள்ளும் பங்கோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறைவரை சுழலும் தண்டு, ஒரு பக்கம் 900 டிகிரி செல்சியஸை எட்டும் புகை, மறுபக்கம் அழுத்தப்படும் காற்று, நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் என்று, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குள் இத்தனையும் நடக்கிறது. நன்றாக ஓடிவந்த வண்டியை உடனே அணைக்காமல் சற்று நேரம் ஓடவிட வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது, அந்த எண்ணெய் அங்கேயே நின்று கருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

டர்போவைப் பற்றிய புகார்களில் முதலிடம் ‘டர்போ லேக்’ எனப்படும் தாமதத்துக்கு. மிதியை அழுத்தியதும் புகை பெருகி, விசையாழி வேகம் பிடித்து, காற்றழுத்தம் ஏறுவதற்குள் கழியும் நேரமே அது. இதோடு இன்னொன்றையும் போட்டுக் குழப்புவது வழக்கம்: எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்குக் கீழே இருந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டர்போ முழு அழுத்தம் தருவதற்குப் போதிய புகையே இருக்காது. முன்னது நேரக் குறைபாடு, பின்னது வேக வரம்பு. கியரை இறக்கினால் பின்னது தீரும், முன்னது முழுதாகத் தீராது. 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவில் இவ்விரண்டும் ஒருசேர இருந்தன. மூன்று லிட்டரில் 260 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், டர்போவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக 6.5 ஆகக் குறைக்கப்பட்டிருந்ததால், டர்போ விழிக்கும்வரை கார் மந்தமாகவே நகரும். பின் வளைவின் நடுவே திடீரென்று முழுச் சக்தியும் வந்து சேரும். பயந்துபோய் மிதியிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினின் எடை முழுவதையும் தாங்கும் பின்புறம் சாலையை விட்டு வழுக்கும். சக்தி வந்தது குற்றமன்று. கேட்ட நேரத்தில் வராமல் தன் நேரத்தில் வந்ததே குற்றம்.

இந்த நோய்க்கு மருந்தைச் சுவீடனின் சாப் நிறுவனம் 1970களின் இறுதியில் 99 டர்போவில் காட்டியது. உச்ச சக்தியை விட்டுக்கொடுத்துச் சிறிய டர்போவைப் பொருத்துவதும், அழுத்தம் எல்லை மீறும்போது புகையின் ஒரு பகுதியை விசையாழியைச் சுற்றி வெளியேற்றிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவை வைப்பதுமே அந்த வழி. இதன் பின்னால் எளிய இயற்பியல் ஒன்று உண்டு: ஒரே வடிவமுள்ள சக்கரத்தின் விட்டம் பாதியானால், அதைச் சுழற்றத் தொடங்குவதற்கு எதிரான நிலைமம் முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சாலைக்கான டர்போவின் பிற்கால வளர்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கிலிருந்து கிளைத்தது.

இரண்டையும் ஒரே காரில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. மினி கூப்பர் எஸ் அந்த அரிய வாய்ப்பைத் தருகிறது. 2006வரை வந்த முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சினோடு ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர் இருந்தது. தொடக்கத்தில் 163 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அடுத்த தலைமுறையில், கொள்ளளவு மாறாமல் எஞ்சினே புதிதாகி டர்போ வந்தது. 175 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர். கூர்ந்து பார்க்க வேண்டியது அந்த முறுக்குவிசை எந்தச் சுழற்சியில் கிடைத்தது என்பதை. சூப்பர்சார்ஜர் தாழ்ந்த வேகத்துக்கு, டர்போ உயர்ந்த வேகத்துக்கு என்று வழிவழியாகச் சொல்லப்படுவதற்கு நேர்மாறாக, பழைய எஞ்சின் தன் உச்ச முறுக்கை 4,000 சுழற்சியிலும் புதியது 1,600 சுழற்சியிலுமே எட்டின. பெல்ட் விகிதம் மாறாதது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் உருளைகளும் மெதுவாகச் சுழலும், அவற்றுக்கிடையே உள்ள மயிரிழை இடைவெளிகளில் கசியும் காற்றின் பங்கும் அப்போது கூடிவிடும். சிறிய டர்போவுக்கு இந்தக் கட்டு இல்லை.

அப்படியிருந்தும் பழைய மினியை விடாமல் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். அவர்களை வெறும் ஏக்கப் பேர்வழிகள் என்று தள்ளிவிட முடியாது. 1,600 சுழற்சியில் 240 நியூட்டன் மீட்டர் என்று பட்டியல் சொல்வது, மிதியை முழுதாக அழுத்தி, டர்போ முழு வேகம் பிடித்து நிலைபெற்ற பின் அளந்த அளவு. சாலையில் ஓட்டுபவரோ அரை மிதியில் ஒரு பேருந்தின் பின்னால் ஊர்ந்து, இடைவெளி கண்டதும் அழுத்தி, உடனே விடுபவர். அவருக்கு வேண்டியது நிலைபெற்ற முறுக்கு அன்று, அழுத்திய கணத்தின் முறுக்கு. நம்மூரில் ‘பிக்கப்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவது. அந்தக் கணத்தில் பெல்ட் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது, காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாரும் விழித்தெழ வேண்டியதில்லை. அதோடு, வேகம் கூடக் கூடச் சீராக ஏறும் அந்தச் சூப்பர்சார்ஜரின் மெல்லிய கீச்சொலியும் உண்டு. அது ஒரு குறை என்று பொறியாளர்கள் அடக்கப் பார்த்ததும், அதற்காகவே ரசிகர்கள் காரை வாங்கியதும் ஒருசேர நடந்தவை. பழைய மினியின் பானெட்டில் இருந்த காற்று வாய், எஞ்சினுக்கு மேலே படுத்திருந்த இன்டர்கூலருக்குக் காற்றை அனுப்பியது. புதியதில் இன்டர்கூலர் முன்பக்கம் கீழே போய்விட்டது. பானெட்டில் வாய் மட்டும் அலங்காரத்துக்காக அப்படியே இருந்தது.

இன்டர்கூலர் என்பது அழுத்தத்தால் சூடேறிய காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் ஆறவைக்கும் கருவி. இதன் தேவையை ஒரு சிறு கணக்கு விளக்கும். 30 டிகிரி காற்றை அரை பார் கூடுதல் அழுத்தத்துக்கு, அறுபது சதவீதத் திறனுள்ள பழைய ரூட்ஸ் வகைக் கருவி ஒன்று அழுத்தினால், காற்று 90 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைவதால், அழுத்தம் ஒன்றரை மடங்கானாலும் உள்ளே போகும் காற்று ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குதான். அதையே 45 டிகிரிக்கு ஆற்றினால் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. வெப்பம் மீந்தால் ‘நாக்கிங்’ வரும், அதாவது தீப்பொறி தொடங்கிவைத்த தீ வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாகத் தீப்பற்றி அறையும். அதைத் தவிர்க்கக் கணினி பற்றவைப்பைத் தாமதப்படுத்த, செலவழித்து வாங்கிய சக்தி அங்கேயே கரையும். பழைய மினியில் சூப்பர்சார்ஜரின் புல்லியைக் கழற்றிப் பதினைந்து சதவீதம் சிறியதைப் போடுவது பிரபலமான மாற்றம்; காற்று கூடும், கூடவே சூடும் கூடும் என்பதால், இன்டர்கூலரைக் கவனிக்காமல் புல்லியை மட்டும் மாற்றியவருக்குக் குளிர்காலத்தில் கிடைத்த சக்தி கோடையில் கிடைக்காது. சென்னையின் மே மாதப் பிற்பகலில் கணக்கு 30 டிகிரியிலிருந்து அல்ல, 40இலிருந்து தொடங்கும்.

பெரிய எஞ்சின்களில் தராசு சூப்பர்சார்ஜர் பக்கம் சாய்கிறது. 2015இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டின் 6.2 லிட்டர் வி8 எஞ்சின் 707 குதிரைத்திறன் தந்தது. அதன் சூப்பர்சார்ஜரைச் சுழற்ற மட்டும் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் செலவாகும் என்று சொல்லப்படுகிறது. மாருதி ஸ்விஃப்ட் காரின் முழு எஞ்சினுக்குச் சமமான சக்தி அங்கே காற்று ஊதுவதற்கே போகிறது! ஆனால் அப்படிப்பட்ட எஞ்சினுக்குத் தாழ்ந்த வேகத்திலேயே மிகுந்த முறுக்கு உண்டு, கொடுப்பதற்கு அதனிடம் இருக்கிறது. பட்டறைக் கணக்கும் இதற்கே சாதகம். வி8 எஞ்சினின் இரு வரிசைகளுக்கு நடுவே சூப்பர்சார்ஜரை உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டினால், புகைக் குழாய்களைத் தொட வேண்டியதில்லை. டர்போ என்றால் மேனிஃபோல்டு, எண்ணெய்க் குழாய், வெப்பத் தடுப்பு என்று பானெட்டுக்கு உள்ளே பாதியைப் பிரித்தாக வேண்டும். சிறிய எஞ்சினிலோ, பெல்ட் கேட்கும் பங்கு உறைக்கும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிய கார்களும் வந்தன: 1985இன் லான்சியா டெல்டா எஸ்4, 2005இல் 1.4 லிட்டரில் 170 குதிரைத்திறன் தந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடி. தத்துவத்தில் குறை இல்லை. ஒரு காருக்குள் இரண்டு துருத்திகளைப் பராமரிக்கும் செலவுதான் அவை பரவாததற்குக் காரணம். இப்போது டர்போவின் தண்டிலேயே சிறு மின்மோட்டாரை வைத்துத் தாமதத்தைப் போக்கும் முறை வந்திருக்கிறது. சூப்பர்சார்ஜருக்கு மிஞ்சியிருந்த கடைசி வாதத்தையும் அது பறித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ஆகவே இரண்டு லிட்டருக்கு உட்பட்ட எஞ்சினுள்ள காரைப் புதிதாக வாங்குபவருக்கு டர்போவே சரி; ஏற்கெனவே கையிலுள்ள பெரிய வி8 காருக்குச் சக்தி கூட்ட நினைப்பவருக்குச் சூப்பர்சார்ஜரே சரி. இந்தியாவில் இரண்டாமவருக்கு இடமே குறைவு. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதால், இங்கே தேர்வு பட்டறையில் அல்ல, ஷோரூமிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே டெஸ்ட் டிரைவ் எடுப்பவர், மூன்றாவது கியரில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், சாலை காலியாக இருக்கும்போது மிதியை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு, கார் பாயத் தொடங்கும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை எந்த விளம்பரத் தாளிலும் அச்சிடுவதில்லை.