உச்சமுனையில் ஒரு கிணறு

புத்தளத்தினின்று கற்பிட்டி செல்லும் பாதை, இடப்புறம் கடலும் வலப்புறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணற் குடாநாட்டின் வழியே செல்கின்றது. சென்ற விடுமுறையில் அவ்வழியே உச்சமுனைக்குப் புறப்பட்டோம். 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் புகைபோக்கி தொலைவிலேயே தெரிந்தது. அதையுங் கடந்து செல்லச் செல்ல, வெங்காயமும் மிளகாயும் காய்கறியுமாகத் தோட்டங்கள். வெறும் மணலில் இத்துணைப் பசுமையா என வியந்தோம். தோட்டந்தோறும் கிணறு, கிணற்றடியில் நீர்ப்பம்பியின் ஓசை.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு வள்ளமேறினோம். களப்பைக் கடந்து உச்சமுனையில் இறங்கியபோது நல்ல உச்சிவெயில். மீனவப் பெரியவர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் நமக்கு நிழல் தந்தார். கூரைமீது ஒரு சூரியத் தகடு. உள்ளே ஒரு பற்றரி.

“பகல்ல வெயிலைக் குடிக்குது, ராவில விளக்கெரிக்குது, மாஸ்டர்” என்றார்.

“இதையே பெரிதாக அமைத்தால், கிணற்றிற் பம்பி பூட்டி இரவு பகலாக இறைக்கலாமே, ஐயா?” என்றோம்.

அவர் சிரித்தார். அருகிலிருந்த ஆழமற்ற கிணற்றைக் காட்டி, “மேலால மெல்ல அள்ளினா நல்ல தண்ணி. அவசரப்பட்டா உப்பு மேல வந்திடும்” என்றார்.

கல்லூரியில் நாம் படித்ததை அவர் ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டார். மணலில் இறங்கும் மழைநீர், கனத்த உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். இக்கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் வகுத்தனர். மேலே ஓரங்குலம் குறைந்தால் கீழே உப்பு 40 அங்குலம் எழ முனையும் என்பதே இதன் மறுபக்கம்.

வறண்ட நாடுகளில் இன்று சூரிய ஒளியே நீரிறைக்கின்றது. இந்தியாவில் 2019இல் தொடங்கிய ‘குசும்’ திட்டம் இராஜஸ்தான் பாலைநிலத்து உழவர்க்கும் சூரியப் பம்பிகளை வழங்குகின்றது. பகலொளியை நெடுநேரம் சேமிக்கும் கலங்களும் வந்துவிட்டன. 1980களில் சிட்னிப் பல்கலைக்கழகமொன்றில் மரியா ஸ்கைலாஸ் கசாகோஸ் என்ற அம்மையார் உருவாக்கிய வனேடியக் கலத்தில், மின்னாற்றல் தாங்கிகளிலுள்ள திரவத்தில் தங்குகின்றது; தாங்கியைப் பெரிதாக்கினால் சேமிப்பும் பெருகும். நம் நாட்டிலும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுகளுக்குக் காற்று, வெயில், மின்கலம் மூன்றையும் இணைக்கும் திட்டத்திற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

வெயிலுக்கு விலையில்லை. எண்ணெய்ச் செலவே இதுகாறும் உழவரின் கையை ஓரளவு தடுத்தது. அத்தடையும் நீங்கி, இரவிலும் பம்பி ஓடுமாயின் மணலடியிலுள்ள நன்னீர் என்னாகும்? அன்றியும், மிகுதியாக இறைத்துப் பாய்ச்சும் நீர் பசளையையும் கரைத்துக்கொண்டு அதே நிலத்தடி நீரிற் கலக்கின்றதே!

ஆயினும் மின்கலத்தைப் பழிப்பதற்கில்லை. சேமிப்பில்லாத சூரியப் பம்பி, வெயில் உச்சத்தில் நிற்கும் சில மணி நேரத்திலேயே வேண்டிய நீர் முழுவதையும் உறிஞ்சப் பார்க்கும். மின்கலம் இருந்தாலோ, சிறிய பம்பியொன்று அதே அளவு நீரை இரவும் பகலும் மெல்ல எடுக்கலாம், கிணறும் ஊறிக்கொள்ளும். வெயில் தணிந்தபின் பாய்ச்சினால் ஆவியாகும் நீரும் குறையும். நாளொன்றுக்கு இவ்வளவே என்று வரையறுப்பதும், கிணற்று நீரின் உவர்ப்பை அடிக்கடி அளந்து பார்ப்பதும் மட்டும் தவறலாகாது.

பெருக இறைப்பதற்கு வழி கேட்டோம். மெல்ல அள்ளும் முறையைப் பெரியவர் கற்பித்தார். புறப்படுமுன் அக்கிணற்று நீரை ஒரு செம்பில் மொண்டு தந்தார். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த அவ்விடத்தில் அது இனித்தது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அது இனிக்க வேண்டுமே என்ற எண்ணத்துடன் வள்ளமேறினோம்.