பத்திரிகைக்கு அடைக்கலம் தந்த ஊர்

புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்கிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கடற்காற்று வாங்கப் போகிறவர்கள் முதல் வகை. ஆசிரமத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள் இரண்டாம் வகை. மூன்றாம் வகையினர் எதற்குப் போகிறார்கள் என்பதை நமது நேயர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. எல்லையைத் தாண்டியவுடன் கண்ணில் படும் சில கடைகளின் பெயர்ப் பலகைகளே அதை விளக்கிவிடும். நாம் போனதோ இந்த மூன்றிலும் சேராத காரியத்துக்காக. 1910-ஆம் வருஷத்தில் நின்றுபோன ஒரு வாரப் பத்திரிகையின் அடிச்சுவட்டைப் பார்த்து வரலாம் என்று புறப்பட்டோம். அந்தப் பத்திரிகையின் பெயர் "இந்தியா".

நின்றுபோன பத்திரிகையைத் தேடி ஒரு யாத்திரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். பத்திரிகை எப்படிப் பிழைக்கிறது, எப்படி மாய்கிறது என்ற இரண்டு பாடங்களையும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒன்றரை வருஷத்துக்குள் கற்பித்துவிட்டுப் போன பத்திரிகை அது. குடியரசு நாட்டில் வாழும் நமக்கு அந்தப் பாடங்கள் இன்னும் பழையவை ஆகிவிடவில்லை.

கண்ணுக்குத் தெரியாத கோடு

விழுப்புரத்தில் வண்டி மாறினால் வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று சிறு சிறு ஸ்டேஷன்கள் வருகின்றன. எந்த இடத்தில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆரம்பமாகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. இந்தப் பக்கத்துப் பனைமரத்துக்கும் அந்தப் பக்கத்துப் பனைமரத்துக்கும் வித்தியாசமில்லை. நாற்று நடுகிற பெண்களின் பேச்சிலும் வித்தியாசமில்லை. கடலூரிலிருந்து சாலை வழியாகப் போனாலோ வேடிக்கை இன்னும் அதிகம். ஒரு கிராமம் கடலூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அடுத்தது புதுச்சேரியைச் சேர்ந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் ஜில்லா மாறிவிடுகிறது. கிழிந்த வேஷ்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி அமைந்திருக்கிறது எல்லை. இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் நம்முடைய வயல்களில் நின்றுகொண்டு போட்ட சண்டையின் தழும்பு அது.

1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் அது தாய்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் 1908-ல் இந்தக் கோடு இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லையாக இருந்தது. கோட்டுக்கு அப்பால் எழுதினால் ராஜத்துரோகம். அதையே இப்பால் வந்து எழுதினால் வெறும் எழுத்து!

சென்னையில் 1906-ஆம் வருஷம் மண்டயம் குடும்பத்தார் ஆரம்பித்த "இந்தியா"வுக்கு உயிராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அரசியல் விஷயங்களை விகடச் சித்திரமாகப் போட்டுத் தமிழ் மக்களுக்குக் காட்டியதில் அது முன்னோடி. எழுதப் படிக்கத் தெரியாதவனும் சித்திரத்தைப் பார்த்துச் சிரிப்பான் அல்லவா? சிரிப்பைப் போல் துரைத்தனத்தாருக்குப் பிடிக்காத சங்கதி வேறொன்றும் கிடையாது.

1908 ஜூலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே வருஷத்தில் "சுதேசமித்திர"னை ஸ்தாபித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். "இந்தியா"வின் ஆசிரியர் என்று பதிவேட்டில் பெயர் இருந்த ஸ்ரீனிவாசனுக்கு ஐந்து வருஷச் சிறை. அடுத்த வாரண்டு யாருக்கு என்பதை ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நண்பர்கள் வற்புறுத்திச் சொல்ல, பாரதியார் புதுச்சேரிக்கு ரயிலேறினார். அந்த அக்டோபர் மாதத்திலேயே "இந்தியா" இங்கிருந்து மறுபடியும் வெளிவரத் தொடங்கிற்று.

ஊருக்குள்ளே

ஊரின் நடுவே செல்லும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வீதிகள். மேற்கே தமிழர் வீதிகள். கிழக்கே மதிற்சுவர் உயர்ந்து, வீடு உள்ளே ஒளிந்துகொள்கிறது. மேற்கே திண்ணையும் தாழ்வாரமுமாக வீடு தெருவை வரவேற்கிறது. குடியிருக்கும் வீட்டைப் பார்த்தே ஆளுகிறவர் யார், ஆளப்படுகிறவர் யார் என்று அந்த நாளில் கண்டுகொண்டிருக்கலாம்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லமாக விளங்குகிறது. தெருவிலிருந்து பார்த்தால் அடக்கமான வீடுதான். ஆனால் "பாஞ்சாலி சபத"மும், குயில் பாட்டும், கண்ணன் பாட்டும் கவிஞரின் புதுச்சேரி வாசத்தில் பிறந்தவை என்பதை நினைக்கும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது. இந்த ஊர் கதவைத் திறந்திராவிட்டால் அவற்றில் எது நமக்குக் கிடைத்திருக்கும்? பாரதியாரின் விரல்கள் சிறையில் செக்கிழுக்கும் கயிற்றைத்தான் பிடித்திருக்கும்.

அடைக்கலம் தந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தமிழின் மேல் மோகம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். அவர்களும் அந்நியர்களே, அவர்கள் ஆட்சியும் அடிமை ஆட்சியே. ஆனால் அவர்களுடைய தாய்நாட்டில் 1881 ஜூலை 29-ந் தேதி ஒரு பத்திரிகைச் சட்டம் செய்திருந்தார்கள். பத்திரிகை நடத்த முன் அனுமதி வேண்டாம். ஜாமீன் தொகை கட்ட வேண்டாம். பொறுப்பாளி ஒருவர் பெயரைப் பதிவு செய்துவிட்டால் போதும். குற்றம் செய்தால் கோர்ட்டு விசாரிக்கும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு வரி தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்யப்போகிறது என்று பாரிஸில் உட்கார்ந்து எழுதியவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

எல்லைக்கு அப்பால் நடந்தது நேர் விரோதம். 1910-ல் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் செய்த அச்சுச் சட்டப்படி, அச்சுக்கூடம் வைப்பவனிடம் முதலிலேயே ஜாமீன் தொகை கேட்கலாம்; எழுத்துப் பிடிக்கவில்லையென்றால் தொகையைப் பறிமுதல் செய்யலாம். 1916-ல் அன்னி பெஸன்ட் அம்மையாரின் "நியூ இந்தியா" 2,000 ரூபாய் கட்டி, அதைப் பறிகொடுத்து, மறுபடியும் 10,000 ரூபாய் கட்ட நேர்ந்தது. அம்மையாருக்குக் கொடுத்துதவ அன்பர்கள் இருந்தார்கள். சிற்றூரில் ஒற்றை அச்சு யந்திரத்தை வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்துகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? பேசு என்று அனுமதித்துவிட்டு, பேச்சுக்கு இத்தனை ரூபாய் என்று விலை வைத்துவிட்டால், கடைசியில் பணம் ஒன்றுதானே பேசும்?

சோற்றை நிறுத்தினார்கள்

இப்படி நல்ல சட்டத்தின் நிழலில் அச்சாகிய "இந்தியா" 1910 மார்ச்சு மாதத்தில் ஏன் நின்றது? இந்தக் கேள்விதான் நம்மை இந்த ஊருக்கு இழுத்து வந்தது.

புதுச்சேரியில் எந்தப் போலீஸ்காரனும் அச்சுக்கூடத்தைப் பூட்டவில்லை. எந்த நீதிபதியும் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் பத்திரிகையின் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? சென்னையிலும், தஞ்சாவூரிலும், திருநெல்வேலியிலும் இருந்தார்கள். பிரிட்டிஷ் எல்லைக்குள் "இந்தியா" வரக்கூடாது என்று தடை போடப்பட்டது. தபாலில் பிரதி போகாது என்றால் சந்தாவும் வராது. சந்தா வராவிட்டால் காகிதம் எங்கே? மை எங்கே? கழுத்தை நெரிக்கவில்லை, சோற்றை நிறுத்தினார்கள். கூடவே நடந்த "விஜயா" முதலிய பத்திரிகைகளும் நெடுநாள் பிழைக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1914-ல் ஸ்ரீ அரவிந்தர் இதே ஊரிலிருந்து "ஆர்யா" என்ற தத்துவப் பத்திரிகையைத் தொடங்கினார். அது 1921 வரை நடந்தது. அதே கடற்கரை, அதே சட்டம், அதே எல்லைதான். தடை போட்டவர்களுக்குக் காகிதத்தின் மேல் விரோதமில்லை. ஒரே ஒரு அபிப்பிராயத்தின் மேல்தான் விரோதம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஊர் மக்களையும் சொல்லாமல் விடக்கூடாது. ரகசியப் போலீஸார் தெருமுனையில் காவல் இருந்த காலம் அது. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் நற்சான்று கொடுக்க வேண்டும் என்று ஒரு சமயம் பிரெஞ்சு அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். ஐவர் கிடைக்கமாட்டார்கள் என்பது எண்ணம் போலும்! கிடைத்தார்கள். கையெழுத்தும் போட்டார்கள். 1881-ஆம் வருஷத்துச் சட்டம் பாதிக் காவல் என்றால், அந்த ஐந்து கையெழுத்துக்கள் மீதிக் காவல்.

1918 நவம்பரில் பாரதியார் எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் காலடி வைத்தார். உடனே கைதானார். பத்து வருஷமாகியும் அந்தக் கோட்டுக்குக் கோபம் தணியவில்லை.

கோடு அழிந்த பிறகு

அந்நியன் போய்விட்டான், இனி இந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். சுதந்திர இந்தியாவில், அரசியல் சட்டம் அமலுக்கு வந்த 1950-ஆம் வருஷத்திலேயே, பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த "கிராஸ் ரோட்ஸ்" என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று நம்முடைய சென்னை சர்க்காரே தடை விதித்தது. "இந்தியா"வை நிறுத்திய அதே உபாயம்! வித்தியாசம் ஒன்று இருந்தது. இம்முறை முறையிட ஓர் இடம் இருந்தது. மே மாதம் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நமது பதஞ்சலி சாஸ்திரி. அச்சிடும் சுதந்திரம் கொடுத்துவிட்டு, வாசகனிடம் போய்ச்சேரும் சுதந்திரத்தை மறுத்தால் முதலாவதற்கு மதிப்பில்லை என்பது தீர்ப்பின் கருத்து. நாற்பது வருஷங்களுக்கு முன் அந்த நீதி கிடைத்திருந்தால் "இந்தியா" நின்றிராது. ஆனால் அடுத்த வருஷமே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பொது ஒழுங்கின் பெயரால் பேச்சுரிமைக்கு நியாயமான வரம்பு கட்டலாம் என்று சேர்க்கப்பட்டது. எது நியாயம் என்பது அன்று முதல் ஓயாத வழக்கு.

1975 ஜூன் மாதம் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகளுக்கு முன் தணிக்கை வந்தது. அப்போது சென்னைப் பத்திராதிபர் ஒருவர் பாரதியாரைப் போல ரயிலேறி இந்த ஊருக்கு வந்திருந்தால் என்ன பலன்? இங்கேயும் அதே தணிக்கைதான். கோடு அழிந்தது நமக்குப் பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடு அழிந்தபோது, தப்பி ஓடுவதற்கு இருந்த ஒரு வாசலும் சேர்ந்து மறைந்துவிட்டது.

1987-ல் ஒரு விகடச் சித்திரத்துக்காக "ஆனந்த விகடன்" ஆசிரியருக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தினால் சில தினங்களிலேயே அவர் விடுதலையானார். 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தில் இன்டர்நெட் தொடர்பு துண்டிக்கப்பட்டது. காலவரையறை இல்லாமல் அப்படித் துண்டித்து வைப்பது செல்லாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. தபால் பையைத் தடுத்தவர்களுக்கும் கம்பியில்லாச் செய்தியைத் தடுத்தவர்களுக்கும் கருவிதான் வேறு. வழியை அடைத்துவிட்டால் வாய் தானாக அடைபடும் என்ற யுக்தி ஒன்றே.

உள்ளே ஒரு புதுச்சேரி

மாலையில் கடற்கரைக்குப் போனோம். ஒரு கோடியில் டூப்ளே நிற்கிறார். நடுவே, செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் சூழ, காந்தி மகான் நிற்கிறார். டூப்ளே பத்திரிகை நடத்தவில்லை. காந்தி மகானோ பத்திரிகையில் எழுதியதற்காக 1922-ல் ஆறு வருஷத் தண்டனை பெற்றவர். இருவரையும் ஒரே கடற்கரையில் பார்த்தபோது நமக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கிறோம்.

பாரதியாருக்கு வெளியே ஒரு புதுச்சேரி இருந்தது. நமக்கு அப்படி வெளியே ஓர் இடம் கிடையாது. இருக்க வேண்டும் என்று விரும்புவதும் சுதந்திர மக்களுக்கு அழகல்ல. ஆகவே அந்தப் புதுச்சேரியை நாட்டுக்குள்ளேயே, நமது ஸ்தாபனங்களுக்குள்ளேயே அமைத்துக்கொள்ள வேண்டும். சர்க்காருக்கு அஞ்சாத நீதிமன்றம் அதில் ஒரு வீதி. சர்க்கார் விளம்பரம் கிடைக்காவிட்டாலும் சந்தாவினால் பிழைக்கக்கூடிய பத்திரிகை இன்னொரு வீதி. எல்லாப் பத்திரிகைகளும் ஓரிரு முதலாளிகளின் பெட்டிக்குள் போய்விடாமல், பல கைகளில், பல ஊர்களில், பல அபிப்பிராயங்களோடு இருப்பது மற்றொரு வீதி. ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு மறு கதவு இருக்க வேண்டும்.

அந்த ஐந்து கையெழுத்துக்களையும் மறந்துவிடக் கூடாது. பத்திரிகைக்கு ஆபத்து வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் எங்கிருந்தோ வரப்போவதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களிலிருந்துதான் வர வேண்டும். நமக்குப் பிடித்த பத்திரிகையைக் காப்பாற்ற யாரும் சொல்லித்தர வேண்டாம். நமக்குப் பிடிக்காத அபிப்பிராயத்தை வெளியிடும் பத்திரிகைக்கும் வழி அடைபடும் நாளில் கையெழுத்துப் போட நாம் தயார்தானா? அதுதான் பரீட்சை. வீட்டில் ஒரு பத்திரிகை வாங்குகிறவர்கள், அதனோடு மாறுபடும் இன்னொன்றையும் வாங்கிப் படித்துப் பழகுவது அந்தப் பரீட்சைக்கு நல்ல முதல் பாடம்.