எழுத மறந்த கை

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில், மழையில் நனைந்திருந்த வாயிற்படியில் வழுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு செவ்வனே கூடியிருந்தது. கையோ மரம்போல் விறைத்துக் கிடந்தது. முப்பத்தைந்து ஆண்டு கரும்பலகையில் எழுதிய அக்கையால் என் பெயரின் முதலெழுத்தைத்தானும் எழுத இயலவில்லை. அறுவை மருத்துவர் ஒரு சிறு சீட்டைத் தந்து என்னை இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். பிசியோதெரபி என்று மக்கள் வழங்குவது இதனையே.

அங்கிருந்த பெண்மணிக்கு என் மகள் வயதிருக்கும். கோணமானி ஒன்றை என் மணிக்கட்டில் பொருத்தி, அது 15 பாகை வளைவதாகக் குறித்துக்கொண்டார். கையை வெந்நீரில் ஊறவைக்கவும், ஈரத்துண்டைப் பிழியவும், பிசைந்த மாவை விரல்களால் அழுத்தவும் கற்பித்தார். “வலி தொடங்கும் எல்லைவரை செல்லுங்கள் ஐயா, அதனைத் தாண்ட வேண்டா” என்பார். வாரந்தோறும் அளந்தார், வாரந்தோறும் எழுதினார். பத்தாம் வாரத்தில் 50 பாகை வந்தது. அன்று அவருடைய ஏட்டிலேயே என் கையொப்பத்தை இட்டுக் காட்டினேன்.

அவ்வறையில் அமர்ந்திருந்த நாள்களிலெல்லாம் ஒரு மாணவியின் முகம் என் கண்முன் வந்து நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையொன்றில் வேலை செய்தவரின் மூத்த மகள் அவள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து நீரூறிய தோல்களைக் குனிந்து இழுத்து இழுத்து அவள் தந்தையின் இடுப்பு நைந்துபோயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருநாள், “பிசியோதெரபி படிக்கலாமா, ஐயா?” என்று கேட்டாள். “கைகால் பிடித்துவிடுவதற்கும் ஒரு பட்டமா?” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் வணிகவியல் பயின்று, இன்று காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதுகிறாள். அது தாழ்ந்த வாழ்வன்று. ஆயினும் அவள் கேட்ட வாழ்வும் அன்று.

வேலூருக்கு அணித்தே வாழ்ந்துகொண்டு யான் இதனை அறியாதிருந்தது பெருங்குறை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் வளைந்துபோன விரல்களை நிமிர்த்த முற்பட்டார். அந்நோய் நரம்பைத் தாக்குதலால், கையிலுள்ள சிறு தசைகள் செயலற்று, விரல்கள் பருந்தின் உகிர்போல் மடங்கிவிடுகின்றன. கட்டைவிரல் ஒழிந்த மற்றை விரல் ஒவ்வொன்றையும் மடக்குதற்கு இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒரு விரலின் இரு நாண்களுள் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களிலும் சேர்த்துத் தைப்பது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. தைத்த புண் ஆறிவிடும். ஆனால் இடம் மாறிய நாணுக்குத் தன் புதிய தொழில் தெரியாது! நோயாளி ஒரு விரலை அசைக்க நினைப்பார், நான்கும் அசையும். அந்நினைவைப் புதுவழியில் திருப்பிப் பழக்குவது இயன்முறை மருத்துவரின் பணி. எந்தத் தசை வலுவுடையது, எதனை எடுக்கலாம் என்று அறுவைக்கு முன்னரே சோதித்துச் சொல்வதும் அவரது பணியே. அவர் இல்லையேல், அறுவை மருத்துவரின் திறம் பாதி வழியில் நின்றுவிடும்.

அக்கல்லூரியில் பயின்ற மேரி வர்கீசு என்னும் மருத்துவர் 1954இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது.

மாணவர்களே, அமெரிக்காவில் இத்தொழிலை விழைவோர் முதலில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்று, அதன்மேல் மூன்றாண்டளவு தொழிற்கல்வி பயில்கின்றனர். நம் நாட்டிலோ பி.பி.டி. என்னும் இளநிலைப் பட்டமே தொழிலுக்குரிய வாயில். நெடுங்காலம் நாலரை ஆண்டாக இருந்த அப்படிப்பை, 2025இல் வெளிவந்த தேசியப் பாடத்திட்டம் ஓராண்டுப் பயிற்சி உள்ளிட்ட ஐந்தாண்டாக வகுத்துள்ளது. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடாதார்க்கு அவ்வாயில் திறப்பது அரிது. இயற்பியல் எதற்கு என்று கேட்பீராயின், முழங்கை ஒரு நெம்புகோல் என்பதை நினைமின். விரைந்து பொருளீட்ட விழைவார்க்கு இது ஏற்றதன்று என்பதையும் யான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் சுமக்கும் முதுகுகளையும், நாள் முழுதும் காலணி தைக்கும் பெண்டிரின் கழுத்துகளையும் கண்டவர்க்கு இதன் தேவையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சென்ற கோடையில், யான் கண்டு நகைத்த அம்மாணவியின் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் தேறியிருந்தாள். அவள் கேட்ட கேள்வியும் அதுவே. யான் உடனே விடை கூறாது, எனக்குப் பயிற்சியளித்த அம்மையாரிடம் இசைவு பெற்று, ஒரு காலைப்பொழுது அங்கே அமர்ந்து பார்த்து வருமாறு அவளை அனுப்பினேன்.

மறுநாள் வந்து சொன்னாள்: “பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர், ஐயா. நாற்காலியிலிருந்து எழுவதற்கு அரைமணி நேரம் முயன்றார். எனக்குத் தூக்கிவிட வேண்டும்போல் கை பரபரத்தது. அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார்கள், விழாமல் காத்தார்கள், தூக்கிவிடவில்லை. கடைசியில் தாத்தா தாமே எழுந்துவிட்டார்.”

உயிரியல் பிரிவுக்குரிய விண்ணப்பத்தை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். நிரப்பும் முறையை யான் சொல்லச் சொல்ல எழுதினாள். பாதியில் நிமிர்ந்து, “அக்காவும் உங்களிடம் இதைத்தான் கேட்டாளாமே, ஐயா?” என்றாள்.

“ஆம் அம்மா, கேட்டாள்” என்றேன்.