மழைக்காலத்துக் கூலி

ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தை பிறந்து, வெள்ளம் வடிந்து, சேற்றை வாரி, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகே மீண்டும் உவர்நீர் பாய்ச்சுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் உப்பு வாருவோருக்குக் கூலி இல்லை. வேலை இல்லாதது அவர்கள் குற்றமன்று. அப்படியானால் அந்நாட்களின் பசிக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க நாட்டில் இக்கேள்விக்கு ஒருவகையில் விடை கண்டார்கள். 1962இல், கென்னடி குடியரசுத் தலைவராக இருந்தபோது, வெளிநாட்டு இறக்குமதியால் வேலை இழப்போருக்கு உதவித்தொகையும் மாற்றுத் தொழிற்பயிற்சியும் வழங்கச் சட்டம் செய்தனர். 1974இல் அதனை விரிவாக்கினர். கனடா நாட்டு மரம் மலிவாக வந்து குவிந்து, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் மர ஆலைகள் மூடப்பட்டபோது, அத்தொழிலாளர் இவ்வுதவியை நாடினர். வேலை போனது இறக்குமதியால்தான் என்று மெய்ப்பிப்பது எளிதன்று; குறைகள் பல. சட்டத்தின் காலம் நீட்டிக்கப்படாமையால் 2022 ஜூலையில் புதியவர்களைச் சேர்ப்பதும் நின்றுபோயிற்று. ஆயினும் அதன் அடிப்படை நியாயமானதே. நாடு முழுவதும் பயன்பெறும் வாணிகத்தின் நட்டத்தை ஓர் ஏழைக் குடும்பம் மட்டும் சுமக்கலாகாது அல்லவா?

நம் நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அதுவும் உப்பிலேயே நடந்தது. வங்காளத்திலும் ஒரிசாவிலும் கடலோரத்தில் உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தவர்களுக்கு மலங்கிகள் என்று பெயர். கும்பினியார் உப்பைத் தங்கள் தனியுரிமையாக்கி, இவர்களை முன்பணத்தால் கட்டி வைத்திருந்தனர். பின்னர் இங்கிலாந்தின் செஷயர் உப்பு லிவர்பூல் துறைமுகத்தில் கப்பலேறிக் கல்கத்தாவில் வந்து இறங்கலாயிற்று. நம் சரக்கை ஏற்றிச்செல்ல வரும் கப்பல்கள் வெறுமையாக வராமலிருக்க உப்பு நல்ல பாரம்! 1860களின் தொடக்கத்தில் அரசினர் உள்நாட்டு உப்புக் காய்ச்சலை நிறுத்தினர். மலங்கிகளுக்கு மாற்றுத் தொழில் காட்டுவார் இல்லை. 1866இல் ஒரிசாவில் பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்ட அப்பஞ்சத்தைக் கையில் தொழிலின்றி எதிர்கொண்டவர்களில் மலங்கிகளும் இருந்தனர்.

மரக்காணத்துக்குப் போட்டி வெளிநாட்டிலிருந்து வரவில்லை. இந்திய உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. இங்கிருந்து பக்கிங்காம் கால்வாயில் உப்பு படகேறிச் சென்ற காலம் மலையேறிவிட்டது. போதாக்குறைக்குப் புயல்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உப்பளங்கள் ஏரிகளாயின.

உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால மூன்று மாதங்களுக்கென 5,000 ரூபாய் வழங்கப்படும் என்று தமிழ்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது. இதனை மனமுவந்து பாராட்டுகிறேன். ஆனால் கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 55 ரூபாய்கூடத் தேறாது. மீனவர்க்கு 61 நாள் தடைக்கால உதவியை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் அறிவித்தனர். அது மிகையென்று சொல்ல எனக்கு நாவெழாது. கணவன் கடலுக்கும் மனைவி உப்பளத்துக்கும் போகும் வீடுகளை நான் அறிவேன்.

அதே 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. மாண்டோர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்றார்கள். சாராயத்துக்குப் பரிசா என்று வெளியூரார் ஏளனம் பேசினர். தாலியறுத்த பெண்களின் முன்னால் நின்று பேசிப் பார்க்கட்டும்! என் வருத்தம் வேறு. செத்தவனுக்குப் பத்திரம் உடனே கிடைக்கிறது. உழைத்து வாழ்பவளுக்குத்தான் கிடைப்பதில்லை.

இன்று ஓர் அளத்தில், நாளை வேறோர் அளத்தில் என்று நாட்கூலிக்குப் போகிறவள் தன்னை உப்பளத் தொழிலாளி என்று எப்படி மெய்ப்பிப்பாள்? கார்த்திகை மாதத்தில் ஒரு தாய் குடும்ப அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மனு எழுத வந்தார். பாதங்கள் உப்பில் வெடித்துப் பிளந்திருந்தன. “வேலை செய்ததற்கு என்னம்மா அத்தாட்சி?” என்றேன். “நான் வாரின உப்புதான் சாமி சாட்சி. அதையும் வித்துட்டாங்களே!” என்றார்.

சென்ற தை முதல் அத்தெருப் பெண்கள் சிலர் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கின்றனர். தேதி, அளம், கூலி மூன்றையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எழுதித் தருகின்றனர்; வாரம் ஒருமுறை அளக்காரரிடம் கையொப்பம் கேட்கின்றனர். இருவர் தயங்காமல் போட்டுக்கொடுக்கின்றனர். மூன்றாமவர், “இன்றைக்குக் கையெழுத்து, நாளைக்கு வைப்புநிதி கேட்பீர்கள்” என்று மறுத்துவிட்டார். அவரைப் பார்க்க அடுத்த வாரம் நானும் போகிறேன்.