தலை தேய்ந்த ஸ்க்ரூ

லேப்டாப்பின் அடிமூடியில் எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டன, ஒன்று மட்டும் வரவில்லை. டிரைவரைத் திருப்பினால் ‘கடக்’கென்று வழுக்கி வெளியே வருகிறது. முனையில் பொடிப்பொடியாக உலோகத் துகள். அந்த முதல் வழுக்கலிலேயே கையை எடுத்துவிட வேண்டும். தொழில் கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தலைக்குள் மிச்சமிருக்கும் உலோகம்தான் நம் கையிருப்பு. ஒவ்வொரு முயற்சியும் அதிலிருந்து செலவாகிறது. ஆகவே எதைச் செய்தாலும், அது பலிக்காமல் போனால் அடுத்த வழிக்கு இடம் இருக்க வேண்டும். தேய்ந்த ஸ்க்ரூவை எடுக்கும் வித்தை முழுவதும் இந்த வரிசை அறிவில்தான் இருக்கிறது.

தேய்வதற்குக் காரணம் அந்தத் தலையின் வடிவத்திலேயே உண்டு. கடையில் நாம் ஸ்டார் என்று சொல்லும் பிலிப்ஸ் தலைக்கு அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றார். டிரைவர் தானாகவே நடுவில் போய் உட்காரும் என்பதால் கார் தொழிற்சாலைகள் அதை விரும்பி ஏற்றன. ஆனால் அந்தப் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. திருப்பும் விசையில் ஒரு பங்கு டிரைவரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடாக மேலிருந்து அழுத்தாவிட்டால் முனை ஏறி வெளியே வந்துவிடும், வரும்போது விளிம்பையும் சீவிவிடும்.

லேப்டாப்பில் இது இன்னும் மோசம். அங்கே பெரும்பாலும் எம்2, எம்2.5 அளவு ஸ்க்ரூக்கள்: தண்டின் விட்டம் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர். இடம் மிச்சம்பிடிக்கத் தலையை மெல்லிய தட்டாகச் செய்திருப்பார்கள். பள்ளத்துக்கு ஆழம் கிடையாது. பிஎச்0 முனை கேட்கும் தலையில் செல்போன் செட்டிலுள்ள, அதைவிடச் சிறிய பிஎச்00 முனையை விட்டுத் திருப்பியதால் தேய்ந்தவையே நிறைய. பழைய ஜப்பானியத் தயாரிப்புகளில் ஜேஐஎஸ் தரத்துத் தலைகள் வரும். தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது அந்த வகை. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது. ஜேஐஎஸ் முனை கச்சிதமாக உட்காரும்.

ஸ்க்ரூவைப் பிடித்துவைத்திருப்பது எது என்பது அடுத்த கேள்வி. மரையில் நீல நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அது நைலான், அதிர்வில் ஸ்க்ரூ தளராமல் இருப்பதற்காக. திங்க்பேட் லேப்டாப்புகளின் பராமரிப்புக் கையேடுகள் இப்படிப்பட்ட ஸ்க்ரூவை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும் என்கின்றன. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மெஷின்களில் நைலானோடு துருவும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தலை வழுக்குகிறதா, அல்லது ஸ்க்ரூ சுற்றுகிறது, ஆனால் மேலே வரவில்லையா? இரண்டாவது என்றால் மரை போயிருக்கும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைப் புஷ் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும். அதற்கு வைத்தியம் வேறு: ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பிளேடை மூடியின் இடுக்கில் விட்டு நெம்பி, மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடியே ஸ்க்ரூவைச் சுற்ற வேண்டும்.

அழுத்திச் செய்யும் வேலை என்பதால் முதலில் பேட்டரியைப் பற்றி யோசிப்பேன். மூடி எங்காவது உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அதன் மேல் அழுத்தமோ சூடோ கூடவே கூடாது. மூடியைத் திறக்காமல் பேட்டரியைக் கழற்ற முடியாத மாடல்கள்தான் இன்று அதிகம். ஆகவே சார்ஜரை உருவி, முழுதாக ஷட்டவுன் செய்ய வேண்டும். திங்க்பேட் போன்றவற்றில் பயாஸிலேயே உள் பேட்டரியைத் துண்டிக்கும் வசதி உண்டு. பிறகு சமமான ஸ்பாஞ்ச் விரிப்பில் கவிழ்த்து வைப்பேன். அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ கிடந்தாலும் நம் அழுத்தத்தில் டிஸ்ப்ளே கீறிவிடும்.

இனி வரிசை. முதலில் பள்ளத்தை ஊசியால் சுத்தம் செய்து, தேயாத புது முனையை நேர்செங்குத்தாக இறக்குவேன். என் பலத்தில் பெரும்பங்கு அழுத்தத்துக்கு, சிறுபங்குதான் திருப்புவதற்கு. முதல் திருப்பலும் கழற்றும் திசையில் அல்ல, மெதுவாக இறுக்கும் திசையில். கழற்றப் பார்த்துத் தேய்ந்த தலையில் எதிர்ப்பக்கச் சுவர்கள் அநேகமாக முழுசாக இருக்கும். அந்தப் பக்கம் மயிரிழை அசைந்தாலே துருவின் பிடி விட்டுவிடும். பிறகு கழற்றும் பக்கம் திருப்பினால் பல ஸ்க்ரூக்கள் இங்கேயே வந்துவிடும்.

வராவிட்டால் உராய்வைக் கூட்ட வேண்டும். ரப்பர் பேண்டை வைத்துத் திருப்பச் சொல்வார்கள். கதவுக் கீலுக்கு அது சரி. எம்2 பள்ளத்தில் ரப்பரே இடத்தை அடைத்துக்கொள்ளும். மெல்லிய கையுறைத் துண்டு பரவாயில்லை. எனக்குக் கைகொடுப்பது ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட். கடினமான குருணை கலந்த அந்தக் களிம்பை முனையில் ஒரு பொட்டு தடவினால் வழுக்கல் நின்றுவிடும். பிடிக்காவிட்டாலும் துடைத்துவிடலாம், நஷ்டமில்லை.

அடுத்தது சூடு. சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையில் சில நொடி வைத்தால் நைலான் இளகும். அதிகம் வைத்தால் பித்தளைப் புஷ்ஷைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கும் இளகிப் புஷ்ஷே சுற்றத் தொடங்கும். நொடிகளை எண்ணிச் செய்ய வேண்டிய வேலை. ஸ்க்ரூவுக்கு நேர் கீழே பேட்டரி இருக்கும் மாடலில் இதைத் தொடுவதே இல்லை.

ஃபெவிக்விக் விட்டு முனையை ஒட்டித் திருப்புவதை மட்டும் நான் ஏற்பதில்லை. தண்ணீர் மாதிரி இருக்கும் அந்தப் பசை தலையோரமாக மரைக்குள் இறங்கினால் ஸ்க்ரூ நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பள்ளமும் அடைபடும். ஒரே முயற்சியில் அடுத்த எல்லா வழியையும் மூடிவிடுகிறது என்பதுதான் என் ஆட்சேபம்.

தலை மூடிக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் பிளேயர் உதவும். ஜப்பானின் எஞ்சினியர் நிறுவனம் நெஜிசாரஸ் என்ற பிளேயரைச் செய்கிறது. அதன் நுனியில் நெடுக்குவாட்டிலும் பற்கள் வெட்டியிருப்பதால் உருண்டைத் தலையைக் கவ்விச் சுற்ற முடியும். லேப்டாப் தலைகள் பெரும்பாலும் குழிக்குள் பதிந்திருப்பதால் இந்த வாய்ப்பு எப்போதும் அமையாது.

கடைசி வழி துளையிடுவது. 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையால் சுற்றும் பின் வைஸில் பூட்டி, தலையின் நடுவில் மெதுவாக இறக்க வேண்டும். சுற்றிலும் டேப் ஒட்டி, வரும் சீவலை அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு துகள் மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட். மெக்னீசியம் பாடியாக இருந்தால் இன்னும் கவனம், அதன் தூள் தீப்பற்றும். தலையின் தடிமன் மிகக் குறைவு. தட்டு தனியாகக் கழன்றதும் நிறுத்திவிட வேண்டும். மூடியைத் தூக்கினால் தண்டு மட்டும் நிற்கும். ஸ்க்ரூவின் இறுக்கம் தலைக்கும் மரைக்கும் இடையிலான இழுவிசைதான். தலை போனதும் அந்த இழுவிசை இல்லை. அத்தனை நேரம் அடம்பிடித்த அதே ஸ்க்ரூ நோஸ் பிளேயரில் பிடித்ததும் சாதுவாகச் சுற்றிக்கொண்டு வரும். இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தும் அதைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் குறையவில்லை.

ஸ்க்ரூ வந்ததோடு வேலை முடியவில்லை. தேய்ந்ததை மறுபடி பூட்டிக் கொடுப்பது இந்தத் தொழிலுக்கே துரோகம். அதே விட்டம், அதே நீளத்தில் புதியது போட வேண்டும். நீளம் கூடினால் மதர்போர்டில் முட்டும். பூட்டும்போது முதலில் பின்பக்கமாகத் திருப்பினால் பழைய மரையில் ‘டக்’கென்று இறங்குவது விரலில் தெரியும். அங்கிருந்து விரல் பலத்தாலேயே முறுக்கி, தலை பதிந்ததும் நிறுத்த வேண்டும். அந்த மெஷினை அடுத்து யார் திறந்தாலும், அவருக்கு முழுத் தலையோடு ஒரு ஸ்க்ரூ கிடைக்க வேண்டும். அதையும் சேர்த்துத்தான் நான் கூலி வாங்குகிறேன்.